யூனானுக்கு ஒரு டின் எண்ணெய்

எனக்குக் கிரேக்கம் தெரியும் என்று தருமபுரியில் சில வருடங்கள் ஒரு வதந்தி உலவியது. கிளப்பிவிட்டவன் நான்தான். பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கிலம்–கிரேக்கம் அகராதி ஒன்றை வாங்கிவந்து, பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அறையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி என் மேசைமேல் வைத்திருந்தேன். இங்கிலீஷ் வாத்தியாருக்குக் கிரேக்கம் எதற்கு என்று யாராவது கேட்பார்கள், அலட்சியமாக ஒரு பதில் சொல்லலாம் என்று ஆசை. ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டவர் யூனானி வைத்தியர் ஒருவர்தான்.

ஹக்கீம் என்று ஊரே அழைத்த அவருக்கு என் வயதுதான், முப்பது தாண்டவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் ஷெட்டை ஒட்டி அவர் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து டீ குடித்து வம்பளப்பது என் தினப்படி வேலை. யூனான் என்றால் கிரேக்க தேசம், யூனானி வைத்தியம் அங்கிருந்து வந்தது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

"எங்க வைத்தியம் பொறந்த ஊரு பாஷைங்க அது. ஒரு நாளைக்கு அந்தப் புக்கை எடுத்தாங்க சார், கண்ணால பார்த்துட்டுத் தர்றேன்" என்றார்.

எடுத்துப் போனேன். கை கழுவிவிட்டு வந்து மரியாதையாகப் புரட்டினார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எனக்கும் கணக்கில் வரும் ஆல்பா, பீட்டா, தீட்டாவுக்கு மேல் அப்போது தெரியாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. வேனிலேயே உலகத்தைச் சுற்றும் வெள்ளைக்காரர்கள் சேலம் ரோட்டில் அடிக்கடி தென்படுவார்கள். அப்படி ஒரு வேன் தொப்பூர் கணவாயில் படுத்துவிட்டது. லாரியில் கட்டி இழுத்துவந்து பக்கத்து ஷெட்டில் விட்டார்கள். பார்ட்ஸ் பெங்களூரிலிருந்து வரவேண்டும், மூன்று நாள் ஆகும் என்றான் மெக்கானிக். வேன்காரர் நாற்பது வயது ஆள், கப்பலில் எலெக்ட்ரீஷியன், வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். ஹக்கீமின் போர்டில் யூனானி என்று ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நெஞ்சில் கைவைத்து, தானும் அந்த ஊர்தான் என்று சைகை செய்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

ஹக்கீமுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாளும் வேன்காரரின் முழங்காலுக்குத் தன் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட்டார். வேன் கிளம்பும்போது மனிதர் நன்றாகவே நடந்தார்.

ஆறு மாதம் கழித்து யூனானிலிருந்து கடிதம் வந்தது. துறைமுகத்தில் யாரிடமோ சொல்லி ஆங்கிலத்தில் எழுதி வாங்கியிருந்தார். தன் கால் குணமாகிவிட்டது, அதே வலி தன் தாயாருக்கும் இருக்கிறது, கிராமத்து வீட்டின் படியிறங்க முடியாமல் ஒரு வருடமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார், அந்த எண்ணெய் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அம்மாவுக்குக் கிரேக்கம் தவிர எதுவும் படிக்கத் தெரியாது என்றும் ஒரு வரி.

"எண்ணெயை அனுப்புங்க பாய். எப்படித் தேய்க்கணும்னு இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன், மகன் அம்மாவுக்குச் சொல்லிருவாரு" என்றேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய வழக்கம் ஊருக்கே தெரியும். இன்னொருவருக்காக யார் வந்து மருந்து கேட்டாலும் தரமாட்டார். "வூட்டுல இருக்கறவங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்பார். நோயாளிக்கு நேராகச் சொல்லுவார். சொன்னதை அவர்கள் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் சீசா கைக்கு வரும். மாரண்டஹள்ளியிலிருந்து பெண்டாட்டிக்கு மருந்து வாங்க வந்த விவசாயி ஒருவர் கடை வாசலில் கத்தோ கத்தென்று கத்தியும், வெறுங்கையோடுதான் திரும்பினார்.

"நடுவுல ஒரு வாய் வந்தா, அரை ஸ்பூன் அஞ்சு ஸ்பூன் ஆயிரும் சார். அந்தம்மாவுக்கு அந்தம்மா பாஷையிலயே எழுதுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார்.

மாட்டிக்கொண்டேன்.

பதினைந்து நாள் மாலைகள் போயின. எழுத்துகளை அகராதியைப் பார்த்தே வரைந்து பழகினேன். ஹக்கீம் தமிழில் சொல்ல, நான் அதை ஆங்கிலமாக்கி அகராதியைத் திறப்பேன். அதற்குப் பிறகுதான் வம்பு. லேசான கையால் தேய்க்க வேண்டும் என்பார். லைட் என்ற சொல்லைத் தேடினால் சூரிய வெளிச்சத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, கனமில்லாததற்கு இரண்டு, சுலபமானதற்கு வேறொன்று என்று வரிசையாக நிற்கும். ரெஸ்ட் என்று பார்த்தால் ஓய்வும் இருக்கும், மிச்சம் மீதியும் இருக்கும். கோல்ட் என்றால் குளிரா, சளியா? ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பி ஹக்கீமிடம் கேட்பேன். அவர் தராசில் மருந்து நிறுப்பதுபோல் யோசித்து ஒன்றைப் பிடிப்பார். முட்டிக்குப் பின்பக்கக் குழிக்கு ஆங்கிலத்தில் நான்கு சொல் செலவழித்தேன். கிரேக்கத்தில் அதற்கென்றே ஒரே சொல் இருந்தது, இக்னூஆ. அன்று எனக்கு ஏற்பட்ட கர்வத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

எழுதி முடித்ததும் ஹக்கீம் இன்னொரு குண்டைப் போட்டார்.

"மொதல்ல காயிதம் மட்டும் போகட்டும். அந்தம்மா திருப்பி எழுதட்டும். அப்புறம் எண்ணெய்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அங்க பனிக்காலம் வருதுங்க. அந்தம்மா கால் உங்க சட்டத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று இரைந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் போனேன். ஹக்கீம் இரண்டு டீ சொன்னார். மறுநாள் கடிதம் மட்டும் தபாலில் போயிற்று.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அம்மாவின் கையெழுத்தில் ஒரு தாள், முன்போலவே மகன் யாரிடமோ ஆங்கிலத்தில் எழுதி வாங்கிய ஒரு தாள். மகன் எழுதியது இது: உங்கள் கடிதத்தைக் கிராமத்தில் யாராலும் படிக்க முடியவில்லை. பாதிரியாரை வீட்டுக்கு வரவழைத்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியைப் பார்த்த பாதிரியார், தன்னையறியாமல் கோயிலில் ஓதும் ராகத்தில் படிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா முழங்கால் வலியோடு எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கிரேக்கம். நாங்கள் தண்ணீரை நெரோ என்போம், உங்கள் ஹூதோரைக் கோயிலில்தான் கேட்கலாம். ரொட்டியின் பழைய பெயர் பேக்கரி போர்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இக்னூஆ என்பது என்னவென்று பாதிரியாருக்கே தெரியவில்லை.

அகராதியின் முதல் பக்கத்தை அன்றுதான் படித்தேன். பண்டைக் கிரேக்கத்தில் கட்டுரை எழுதும் பள்ளி மாணவர்களுக்காக என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் சொன்னதும் என் மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்து சிரித்தாள்.

"ஏனுங்க, பாலக்கோட்டு ஆத்தாவுக்குச் சங்கத் தமிழ்ல மருந்துச் சீட்டு எழுதின கதையா இருக்குதே!"

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் அம்மாவின் தாள். மகன் சொன்னபடி, பாதிரியார் படித்துச் சொன்னதையெல்லாம் அம்மா அப்படியே திருப்பி எழுதியிருந்தார், ஆனால் இன்றைய கிரேக்கத்தில். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், நெரோ ஒன்றைத் தவிர எதுவும் பிடிபடவில்லை. என் அகராதியோ ஆங்கிலத்திலிருந்து அங்கே போகும், அங்கிருந்து திரும்பி வராது. மகனிடம் அர்த்தம் கேட்டால் நடுவில் ஒரு வாய் வந்துவிடும். ஹக்கீம் தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தம்மா சொல்லிட்டாங்க. நமக்குத்தான் காது இல்ல" என்றார். அவர் முகம் வாடிப்போயிருந்தது. எண்ணெய் டின் பின்னால் அலமாரியில் தயாராக இருந்தது. அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. அந்த அம்மாவை நினைத்து எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. என் பெருமைக்கு நான் எழுதிய கடிதத்தால் ஒரு மனுஷிக்கு இரண்டு மாதம் வீணாகிவிட்டதே என்று அன்றிரவு வீட்டில் புலம்பினேன்.

வழி சொன்னது என் மனைவிதான். "வாயால திருப்பிச் சொன்னாத்தான் ஆச்சா? செஞ்சு காட்டச் சொல்லி ஒரு போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க" என்றாள். மறுநாள் சொன்னேன். ஹக்கீம் எழுந்து நின்றுவிட்டார். போட்டோ கேட்பது மருந்துப் பேச்சு இல்லை, அதனால் மகனுக்கு ஆங்கிலத்திலேயே எழுதலாம் என்று சலுகையும் கொடுத்தார்.

மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்தன. கறுப்பு உடுப்பும் தலையில் கறுப்புத் துணியுமாக ஓர் அம்மா. முதல் படத்தில் அடுப்புமேல் வெந்நீர், அதற்குள் சின்னக் கிண்ணம். எண்ணெயை நெருப்பில் நேராகச் சுட வைக்காமல் வெந்நீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும் என்பது சரி. இரண்டாவதில் ஒரு கை முட்டிமேல், மறு கை பின்பக்கக் குழியில். மூன்றாவதில் முட்டியில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு, ஒரு தட்டு எலுமிச்சம் பழத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். புளிப்பு கூடாது.

"பாதிரியாருக்கே தெரியாத எடத்துல எப்படிங்க கரெக்டா கை வெச்சாங்க?" என்றேன்.

"வலிக்கறவங்களுக்குத் தெரியும் சார். நம்மூர்க்காரங்க யாரும் இவ்வளவு சுத்தமாத் திருப்பிச் சொன்னதில்ல" என்றார் ஹக்கீம். அன்றே டின்னின் வாய்க்கு ஈயம் வைத்து அடைத்து, துணியில் தைத்து, தபால் ஆபீஸில் நாங்கள் இருவரும் நின்று அனுப்பினோம்.

கூடவே தனித் தபாலில் ஒரு கடிதமும் போயிற்று. அம்மா அந்தக் கோயில் பாஷையில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதாக மகன் எழுதியிருந்ததால், அதையும் இரண்டாயிரம் வருடப் பழசிலேயே எழுதினேன். வலி எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்ற இரண்டே கேள்விகள்.

பனிக்காலம் முடிந்துதான் பதில் வந்தது. மகன் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிய சில வரிகள். ஹக்கீமுக்குப் படித்துக் காட்டினேன். டின் முதலில் வந்ததாம், எங்கள் கடிதம் எங்கோ சுற்றிவிட்டு ஆறு வாரம் தாமதமாக வந்ததாம். படிக்க வேண்டுமானால் பாதிரியார் வேண்டும். அவர் வீடு குன்றின் மேல் இருக்கிறது. ஆள் அனுப்புகிறேன் என்று மகன் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று அம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தானே ஏறிப் போய்விட்டாராம். விழுந்துவிடப் போகிறாரே என்று பின்னால் போன மகனைக் குச்சியை ஓங்கித் துரத்தினாராம்.

"நடந்தா போனாங்க?" என்றார் ஹக்கீம்.

"ஏறிப் போயிருக்காங்க பாய்."

அவர் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சீசா ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நான் அந்த வரியை இன்னொரு முறை சத்தமாகப் படித்தேன். பிறகு இரண்டு டீ சொன்னேன்.