பூவத்தில் சிவக்காத ஒரு வயல்

எண்பதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். ஒரு வாரம் ஊற்றிய மழை ஓய்ந்த மறுநாள், காலை எட்டு மணிக்குக் காரைக்காலில் பொறையாறு பஸ் ஏறினேன். பூவத்துக்கு ஒரு ரூபாய் டிக்கெட். செயற்கைக்கோள் படத்தில் தெரிவதை நிலத்தில் நேரில் பார்த்துச் சரிபார்ப்பது என் உத்தியோகம். ஹைதராபாத்தில் குளுகுளு அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பவனைச் சேற்றில் இறக்கிவிட மேலதிகாரிகளுக்குத் தனி ஆசை.

என் பையில் இரண்டு படங்கள். ஆடியில் எடுத்ததில் காய்ந்த மண் சாம்பலாகக் கிடந்தது. ஐப்பசி மழைக்குப் பின், மேகம் விலகிய நாளில் எடுத்ததில் அதே மண் செக்கச்செவேல் என்றிருந்தது. இந்தப் படங்களில் பச்சைப் பயிர் சிவப்பாகத்தான் விழும். பூவம் அருகே நகக்கண் அளவு இடம் மட்டும் சிவக்காமல் கருநீலமாக நின்றது. ஏன் என்று பார்க்கத்தான் போனேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு தம்பதி. அவர் லூர்துசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குபவர். மனைவி தெரேசம்மாள். மடியில் நான் படத்தை விரித்ததும் அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். நம் ஊர்தான், மேலிருந்து எடுத்தது என்றேன். நண்டலாற்றைப் பிடித்து, வாய்க்கால் வளைவைப் பிடித்து, அவர் விரல் நேரே அந்தக் கருநீலத்தில் போய் நின்றது.

"இங்க பாருங்க, ஊரே செவந்து கருகிக் கெடக்கு. நம்ம வயல் மட்டும் தப்பிச்சிருக்கு" என்றார் கணவரிடம். முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் பொய்யை வளரவிடக் கூடாது. "அம்மா, இதுல செவப்புதான் பச்சை" என்றேன். விரலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

கணவர்தான் கதையைச் சொன்னார். அது அம்மாளின் சீதன நிலம். போன வருஷப் புயலில் கடல் தண்ணீர் ஆற்றோடு ஏறி வயலில் நின்றுவிட்டது. உப்புப் பூத்த மண்ணில் கோரைகூட முளைக்கவில்லை. இந்த மழைத் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்து உப்பைப் போக்கி, பத்து நாள் முன்பு நடவு போட்டிருந்தார்கள். அதன்பின் போய்ப் பார்க்க முடியாமல் மழை வழியை அடைத்துவிட்டது. பிரான்சில் இருக்கும் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த நடவு பச்சை பிடிக்காவிட்டால் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்புவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். நட்ட நாற்று முதலில் மஞ்சளாகித் துவளும். வேர் பிடித்தால்தான் பச்சை திரும்பும்.

"வானத்துலேர்ந்தே தெரிஞ்சுபோச்சு. இனிமே என்ன தெரேசு?" என்றார் அவர்.

படம் நடவுக்கு முன்னால் எடுத்தது, அப்போது வயலில் வெறும் தண்ணீர்தான் இருந்திருக்கும் என்று நான் விளக்கினேன். அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவத்தில் இறங்கி முழங்கால் சேற்றில் அரை மைல் நடந்தோம். இருபுறமும் பச்சையோ பச்சை, கண்ணுக்கு அவ்வளவு இதம். அவர்கள் வயலருகே வந்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது. வரப்பிலிருந்து பார்த்தால் தண்ணீரும் அதில் தெரிந்த வானமும்தான்.

அம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். குனிந்து ஒரு நாற்றை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் வரவில்லை.

"புடிச்சிடுச்சு" என்றார்.

பிறகுதான் என் கண்ணுக்கும் தெரிந்தது. தண்ணீருக்கு மேல் விரற்கடை உயரத்துக்கு வரிசை வரிசையாய் இளம்பச்சை. எனக்கு ஏனோ அழுகை வந்தது.

"சரி, வரலைன்னு பொண்ணுக்கு எழுதிடுறேன்" என்றார் லூர்துசாமி.

"எழுதாதீங்க, போவலாம். தங்கச்சி மகன் பாத்துக்குவான். எங்கப்பா பச்சையாத்தான குடுத்தாரு? அத உப்பு மண்ணா வுட்டுட்டுப் போவத்தான் எனக்கு மனசு வரல" என்றார் அம்மாள்.

வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அடுத்த படத்துல இது செவந்திருக்குமா, தம்பி?"

மேகம் மறைக்காவிட்டால் நிச்சயம் சிவந்திருக்கும் என்றேன்.

"அப்ப எனக்கு ஒண்ணு அனுப்புங்க. அங்க வெச்சுப் பாத்துக்குறேன். மக அட்ரஸ இவங்க எழுதித் தருவாங்க."

பேனாவையும் காகிதத்தையும் அவரிடம் நீட்டினேன். லூர்துசாமி வாங்கவில்லை. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அறுப்பு முடியட்டும் சார்," என்றார் திரும்பாமலே, "அப்பறம் தர்றேன்."