தெரியாது என்று சொன்ன புட்டி

எங்கள் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மருந்துப் புட்டி நின்றிருந்தது. என் நாத்தனார் வரைந்தது. கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தாள். திரையை அலங்கரிக்கும் ஒரு மென்பொருளில் படங்களை வைத்து, தொட்டால் அவை என்ன செய்ய வேண்டும் என்று சில வரிகள் எழுதிவிடுவாள். மருந்து கொடுத்ததும் இந்தப் புட்டியை அமுக்கினால் அது காலியாகும். அடுத்த வேளைக்குத் தானே நிறையும்.

கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்திருந்தது. மருந்தைத் தவறவும் விடக்கூடாது, இரண்டு முறை கொடுத்துவிடவும் கூடாது என்று தேனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானோ கொடுத்த மறுநிமிடமே கொடுத்தேனா என்று தவிப்பவள்.

"பூட்டுன வீட்டையே திரும்பிப்போய் இழுத்துப் பாக்குற ஆளு நீங்க. இனி என்னையக் கேக்காதீக மதினி, புட்டியக் கேளுங்க" என்றாள் நாத்தனார்.

ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது மின்சாரம் போய்த் திரும்பியிருந்தது. கணினியை மறுபடி போட்டேன். புட்டி நிறைந்திருந்தது. மருந்தை அளந்து குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனேன். ஏனோ கை நின்றது. வழக்கமான சந்தேகம்தான். திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்த கணவருக்குப் போன் செய்தேன்.

"நான் அப்பவே குடுத்துட்டேனே! புட்டியையும் அமுக்கிட்டுத்தான வந்தேன்."

மருந்தைக் கொட்டிவிட்டுக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் நாத்தனார் தன் வரிகளைத் திறந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "கரண்டு போனா இது எல்லாத்தையும் மறந்துரும். மறந்தா நெறஞ்சு நிக்கணும்னு நாந்தான் எழுதி வச்சிருக்கேன் மதினி."

அன்றே மாற்றினாள். அதன்பின் கணினியைப் போட்டதும் புட்டி நிறைந்தும் இருக்காது, காலியாகவும் இருக்காது. சாம்பல் பூத்து நிற்கும். அமுக்கினால், 'எனக்குத் தெரியாது, வீட்டில் கேளுங்கள்' என்று எழுத்து வரும்.

கணவர் சிரித்தார். "தெரியாதுன்னு சொல்ல ஒரு கம்ப்யூட்டரா? அதுக்கு உன் மதினியே போதுமே!"

"மதினிக்குச் சந்தேகம் வந்ததாலதாண்ணே பிள்ள தப்பிச்சது" என்றாள் அவள்.

என் சந்தேகத்தை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதை ஒரு நோயாகவே நானும் நினைத்திருந்தேன்.

நாத்தனார் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். மகளுக்கு மருந்தை நிறுத்தியாகிவிட்டது, பள்ளிக்குப் போகிறாள். சாப்பாட்டு டப்பாவை வைத்தேனா என்று தெருமுனையில் அவளைக் கூப்பிட்டு நிறுத்துகிறேன். "வச்சிட்டீகம்மா" என்று சலித்துக்கொள்கிறாள். ஆனாலும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகிறாள்.