வாசற்காலுக்கு அடியில் ஐந்து வௌவால்கள்

அந்த வெள்ளிக் காசைக் கொடுத்த சீனாக்காரருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் ‘ஓகே’. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நான் நிட்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனாவிலிருந்து மெஷின்கள் வந்து இறங்க ஆரம்பித்திருந்த வருடங்கள் அவை. புதிதாக வந்த இரண்டு மெஷின்களை மாட்டிக் கொடுக்க அவரும் கூடவே வந்திருந்தார். ஒரு வாரம் தயிர்சாதத்திலும் வாழைப்பழத்திலும் உயிர் பிழைத்தார். ஊசி உடைந்தால் ‘நோ ஓகே’, துணி ஓடினால் ‘ஓகே’. இதை வைத்துக்கொண்டே ஏழு நாள் பேசித் தீர்த்தோம்.

கிளம்புகிற அன்று என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். உள்ளே பளபளவென்று வெள்ளிக் காசு. ஒரு பக்கம் இரண்டு மீன்களும், ஆரம்பமும் முடிவும் தெரியாமல் பின்னிக்கொண்ட ஒரு கயிற்று முடிச்சும். மறுபக்கம் நடுவில் ஒரு சீன எழுத்து. அதைச் சுற்றி ரெக்கை விரித்தபடி ஐந்து வௌவால்கள்.

‘நம்ம ஊரில் யாராவது ஆசீர்வாதம் பண்ணி வௌவாலைக் கொடுப்பார்களா’ என்று நான் முழிப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வௌவாலாகத் தொட்டுத் தொட்டு நடித்துக் காட்டினார். முதல் வௌவாலுக்கு, இல்லாத தாடியை நீவிக்கொண்டார். இரண்டாவதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பணம் என்றார். மூன்றாவதற்குப் புஜத்தை மடக்கிக் காட்டினார். நான்காவதற்கு நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். ஐந்தாவதற்குக் கண்களை மூடி, இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்து, தலையைச் சாய்த்து அசையாமல் நின்றார். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். பிறகு கண்ணைத் திறந்து சிரித்து, ‘ஓகே?’ என்றார்.

‘ஓகே’ என்றேன். எதற்கு ஓகே சொன்னோம் என்று யோசிக்கவே இல்லை.

அப்போது வேலம்பாளையத்தில் இரண்டு ரூமும் ஒரு ஹாலுமாக வீடு கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் வாசற்கால் நிறுத்தும்போது அடியில் சின்னக் குழி பறித்து, நவதானியம், துளி தங்கம், ஒரு வெள்ளிக் காசு போட்டு, சிமெண்ட் வைத்து மூடுவார்கள். மூடினால் மூடினதுதான். அதற்குப் பிறகு வாசற்காலில் கை வைப்பது குடும்பத்தின் மேலேயே கை வைப்பது மாதிரி.

என் மனைவி முந்தின நாளே லட்சுமி போட்ட வெள்ளிக் காசை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்திருந்தாள். நான் அதைப் பத்திரமாக ஸ்கூட்டர் டப்பாவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் ராகுகாலம் பிறக்க நாலு நிமிஷம் இருக்கும்போது பார்த்தால் ஸ்கூட்டரைக் காணோம். வாழை இலை வாங்க யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். “காசுங்க, காசுங்க” என்று எல்லோரும் கை நீட்டுகிறார்கள். என் சட்டைப் பையில் பத்து நாளாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த சீனக் காசு இருந்தது. வெள்ளிதானே, வெள்ளிக்கு என்ன மொழி? கைக்குள் மறைத்து டப்பியோடு குழிக்குள் விட்டேன்.

“போட்டாச்சுங்களா?” என்றாள் மனைவி.

“போட்டாச்சு அம்மிணி.”

போட்டோக்காரர் கூப்பிட்டார். எல்லோரும் திரும்பிச் சிரித்தோம். ஆறு வயது மகள் மட்டும் குழி ஓரத்திலேயே குத்தவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பிறகு கொத்தனார் சிமெண்டைக் கொட்டினார்.

குடி போன மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் ஒரு வௌவால் வாசல் வழியாக உள்ளே வந்தது. டியூப் லைட்டை மூன்று சுற்றுச் சுற்றியது. வந்த வாசல் வழியாகவே போனது. மறுநாளும் அதே நேரம், அதே மூன்று சுற்று. ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஒரு நாளும் அது ஜன்னல் வழியாக வரவில்லை. வாசற்படிக்கு நேர் மேலே வரும்போது மட்டும் கொஞ்சம் தாழ்ந்து பறந்தது, நின்று கும்பிட்டுவிட்டு வருகிற மாதிரி.

“பக்கத்து ஊட்டுல கொய்யா மரம் இருக்குதுங்க. வருது, போகுது. அதுக்கு எதுக்குங்க இப்படி வேர்த்துப் போறீங்க?” என்றாள் மனைவி.

“புழுக்கம் அம்மிணி” என்றேன். அடியில் ஐந்து கிடப்பது எனக்கு மட்டும்தானே தெரியும். நான் வாசற்படியைத் தாண்டும்போது குதித்துத் தாண்ட ஆரம்பித்தேன். ஆபீஸ் பையோடு, வயதான புலி மாதிரி ஒரு குதி. தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

வாசற்கால் வைத்த ஆறாம் மாதம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று மாலை வந்த வௌவால் மூன்று சுற்றுச் சுற்றவில்லை. நேராக அவள் படுத்திருந்த அறைக்குள் போனது. வெளியே வரவில்லை. விளக்குமாற்றோடு கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பரண்மேல் எல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை. உள்ளே போனது, அவ்வளவுதான். “போயிருக்குமுங்க” என்றாள் மனைவி. போனதை நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மகளை நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ரத்தத்தில் ஏதோ அணுக்கள் இறங்கிக்கொண்டே போனதாம். “சாயங்கால ரிப்போர்ட்டுலயும் இறங்குனா கோயமுத்தூர் கொண்டு போயிருங்க” என்றார் டாக்டர். மகள் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சீனாக்காரர் நின்ற அதே நிலை.

மாற்றுத் துணி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவன், நேராகக் கொத்தனாரைத் தேடிப் பிடித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“நட்டு வச்ச வாசக்கால உடைக்கச் சொல்லுதியளே அண்ணாச்சி, வீட்டுல அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டாச்சா?”

“கேட்டாச்சு, கேட்டாச்சு.”

“மொகத்தப் பாத்தா கேட்ட மாதிரி தெரியலையே.”

மதியம் மூன்று மணி. கரண்ட் இல்லை. எப்போதும் கடகடவென்று ஓடும் பக்கத்துத் தெரு மெஷின்கள் எல்லாம் நின்று போய், உளி விழும் சத்தம் மட்டும் கேட்டது. சிமெண்ட் மூடி பெயர்ந்தது. உள்ளே நவதானியம் இருட்டிலேயே முளைத்திருந்தது. வெளிச்சம் தேடி வளைந்து, வழி கிடைக்காமல், கிழவியின் முடி மாதிரி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து, பிளாஸ்டிக் டப்பியைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தது. காசின் பின்பக்கத்தில் இருந்த அந்த முடிச்சு மாதிரியே.

பிய்த்தெடுத்து டப்பியைத் துடைத்தேன். மூடி இறுக்கமாக மூடியே இருந்தது. உள்ளே காசு இல்லை.

“உள்ள என்ன வச்சிருந்திய அண்ணாச்சி?” என்றார் கொத்தனார்.

“அஞ்சு வவ்வாலு” என்று என் வாய் தானாகச் சொன்னது.

அவர் உளியைக் கீழே வைத்தார். நான் அந்தப் பதிலுக்கு விளக்கம் சொல்ல நிற்கவில்லை. குழியைத் தாண்டிக் குதித்தேன். அன்றுதான் குதிக்க உண்மையிலேயே ஒரு குழி இருந்தது. நர்சிங் ஹோம் போய்ச் சேர்ந்தபோது மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இது யாரு செருப்பு?”

ஒரு காலில் என் தோல் செருப்பு. இன்னொன்றில் சிமெண்ட் அப்பிய கொத்தனார் செருப்பு. சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. ராகுகாலம், ஸ்கூட்டர், வௌவால், தாடி, புஜம், கண் மூடி நின்றது, காலி டப்பி எல்லாவற்றையும் கொட்டினேன். எல்லாம் என்னால்தான் என்றேன்.

“அப்ப லட்சுமி காசு எங்கீங்க?”

“வண்டி டப்பாவுல.”

“ஆறு மாசமாவா?”

“ஆமா.”

“அதான் வண்டி மட்டும் ஒரு ரிப்பேரு இல்லாம ஓடுதாட்ட இருக்குது” என்றாள். அவள் கண்ணும் ஈரமாக இருந்தது.

“அப்பா, கத்தாதீங்க. அதுக தூங்குது” என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

மகள் தலையணைக்கு அடியில் கை விட்டு ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தாள். பொம்மைக்குச் சட்டை தைக்க நான் கம்பெனியிலிருந்து கொண்டு வந்து கொடுக்கும் எலாஸ்டிக் துண்டுகளைப் போட்டு வைக்கிற டப்பா. அதற்குள் காசு கிடந்தது. மீன், எழுத்து, ஓரம் எல்லாம் கன்னங்கரேல் என்று கறுத்திருந்தன. அவள் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து, வௌவால்கள் இருந்த இடம் மட்டும் மினுங்கியது.

“நீ எப்படி கண்ணு எடுத்தே?”

“எல்லாரும் போட்டோ புடிக்கும்போது. டப்பிய உள்ளயே வெச்சுட்டேன். ரெண்டையும் எடுத்தா திருட்டுல்ல?”

காசை என்னிடம் கொடுக்காமல் விரல் வைத்து மெதுவாகத் தடவினாள். “சாயங்காலமானா வெளிய போகுதுப்பா. நாலு வந்துருச்சு. ஒண்ணுதான் இன்னும் வரலே.”

“அது எங்க போச்சு கண்ணு?”

“தெரியல. அது தாத்தா வவ்வாலு. மெதுவாத்தான் வரும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் காகிதத்தோடு வந்தார். “ஏறியிருக்குதுங்க. கோயமுத்தூரெல்லாம் வேண்டாமுன்னு சொல்லச் சொன்னாருங்க.” என் மனைவி அந்தக் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்தபடி முழுக்கப் படித்தாள்.

வாசற்காலுக்கு அடியில் லட்சுமி காசு போட்டு மூடினோம். கொத்தனார் கூலியோடு செருப்பையும் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பின் வௌவால் வரவில்லை. கொய்யா மரம் அப்படியேதான் நின்றது.

அடுத்த வருடம் வேறு மெஷின்களோடு வேறொருவர் வந்தார். கூடவே இங்கிலீஷ் பேசுகிற ஒரு பெண்ணும் வந்தார். நான் அந்த ஐந்து நடிப்பையும் நடித்துக் காட்டிக் கேட்டேன். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அவர்கள் ஊரில் வௌவால் என்றால் பாக்கியமாம். நீண்ட ஆயுசு, செல்வம், உடம்பில் தெம்பு, நல்ல மனசு. ஐந்தாவது? நிறைய வயதாகி, ஒரு வலியும் இல்லாமல், சொந்தக் கட்டிலில் கண்ணை மூடுவது. அதுவும் பாக்கியம்தானே, எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது என்றார்.

மெதுவாகத்தான் வரும். அதை ஒரு ஆறு வயதுக் குழந்தைக்கு யார் சொன்னார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்க வாய் வரவில்லை.

மகள் படித்து முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். காசு பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மனைவி அதை எடுத்து விபூதி போட்டுத் துடைப்பாள். நான் அந்த நேரம் பார்த்து எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

“எல்லாம் சரியா இருக்குதுங்க” என்பாள் உள்ளிருந்து.

எத்தனை வௌவால் இருக்கிறது என்று நான் கேட்பதில்லை.