மகன் எடுத்த படங்கள்

பெரு நாட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கனடாவில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் என்னைத் தெரிந்த சனம் முழுக்க, நான் மகனோடு போய் வந்ததாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி நினைக்க வைத்தவன் நானேதான்.

நாலு நாள் மலை நடை. வழிகாட்டி ஒருவர் கூட்டிப்போவார். பழைய இன்கா அரசர்கள் போட்ட கற்பாதையில் ஏறி இறங்கி, நாலாம் நாள் காலையில் மாச்சு பிச்சு என்கிற இடிந்த நகரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். என் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று மகன் பதிந்தது. "நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போவம் அப்பா" என்றான். அவனுடைய தாயும் நானும் பிரிந்து பன்னிரண்டு வருடம். அவர் மிசிசாகாவில் தன் பாட்டில் நன்றாக இருக்கிறார். எனக்கென்று மிச்சம் இருப்பது ஒஷாவாவில் இந்த மகனும் மார்க்கத்தில் ஒரு அக்காவும்தான். அதனால் அவன் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் தலைகால் தெரியாத சந்தோஷம். வெளியில் காட்டவில்லை. "உந்த மலையில என்ன கிடக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பாதையில் நடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். பாஸ்போர்ட் இலக்கத்தோடு பெயரைப் பல மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான். அந்த இடத்துக்கு இன்னொரு ஆளைப் போட முடியாது.

புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது அக்காவின் பேரனுக்கு முதலாவது பிறந்தநாள். மார்க்கத்தில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். சாப்பாட்டு மேசையில் யாரோ ஒரு அங்கிள் மகனைப் பார்த்து, "தம்பி இப்ப எங்க வேலை?" என்று கேட்டார். அவன் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டதாகவும், இப்போது ஒரு எலக்ட்ரீஷியனிடம் வேலை பழகுவதாகவும் சொன்னான். எனக்கே அப்போதுதான் தெரியும். என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்கே சொல்கிறானே என்ற கோபம். வாய் சும்மா இருக்குமா? "இவனைப் படிப்பிச்சதுக்கு நாலு மாடு வாங்கிக் கட்டியிருந்தா பாலாவது கறந்திருக்கலாம்" என்றேன். மேசை முழுக்கச் சிரித்தது. நல்ல பகிடி சொல்லிவிட்டேன் என்று நானும் சிரித்தேன். மகன் கையில் இருந்த ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான்.

நாலைந்து நாள் கழித்து இங்கிலீஷில் ஒரு செய்தி அனுப்பினான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நான் வரவில்லை, நீங்கள் போங்கள். அவனுக்குப் போன் எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. மூன்று தரம் எடுத்தேன். நாலாம் தரம் எடுக்க ரோசம் விடவில்லை.

அடுத்த நாள் அக்கா கேட்டா, "அவன் வருவான்தானே?" என்று. அங்கேதான் நான் பிழைவிட்டேன். "ஏன் வராமல்?" என்றேன். சிரித்த சனம் அத்தனையும் அக்காவைச் சுற்றி இருக்கிற சனம். நான் தனியாகப் போகிறேன் என்றால், பகிடி எங்கே போய் முடிந்தது என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஆட்களில் ஒருவன் தனியாக ஊர் சுற்றப் போனால் பாவம் பார்ப்பார்கள், அல்லது உடம்புக்கு வருத்தம் ஏதும் வந்துவிட்டதோ என்று விசாரிப்பார்கள். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை.

குஸ்கோ நகரத்தில் இறங்கிய அன்றே ஹோட்டல் பெண்ணைக் கேட்டு ஒரு படம் எடுத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே "மகன் எடுத்தது" என்று எழுதினேன். மகன் அந்தக் குழுவில் இருந்து எப்போதோ கழன்றுவிட்டான். அந்தத் துணிச்சல். அக்கா உடனே, "அவன்ர முகத்தையும் போடு, பாப்பம்" என்று எழுதினா. "அவன் படத்துக்கு நிக்கமாட்டான், தெரியும்தானே" என்று பதில் போட்டேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்று சும்மாவா சொன்னார்கள்.

நடைக்கு வந்தவர்கள் மூன்று சோடி, பிறகு நான். பாதை தொடங்குமிடத்தில் ஒரு அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். என் பெயருக்குப் பிறகு மகனுடைய பெயரைக் கூப்பிட்டார். பிய்த்துப் பிய்த்து, தட்டுத் தடுமாறி, இரண்டு தரம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வழிகாட்டி ஏதோ ஸ்பானிய மொழியில் சொன்ன பிறகு அதிகாரி அந்தப் பெயரின் மேல் கோடு போட்டார். அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கக் கூடாது.

எங்கள் பைகளைச் சுமக்க ஆட்கள் வந்தார்கள். நான் இருபத்தைந்து வருடமாக விமான நிலையத்தில் மற்றவர்களுடைய பெட்டிகளைத் தூக்கி ஏற்றுகிறவன். என்னுடைய பையை இன்னொருவன் சுமப்பதா என்று கொடுக்க மறுத்தேன். என்னளவு வயதுள்ள ஒரு மனிதர் அதை என் கையில் இருந்து மெல்லக் கழற்றித் தன் முதுகு மூட்டையில் வைத்துக் கட்டினார். அது அவருடைய வேலை என்றார் வழிகாட்டி. வாயை மூடிக்கொண்டேன். என் வேலையில் யாராவது இப்படிக் குறுக்கே வந்தால் நானும் எரிந்துதான் விழுவேன்.

கூடாரம் அடிப்பவரும் அவர்தான். அவரிடம் இருந்தது பழைய பட்டியல் போலும். எனக்கு இரண்டு பேர் படுக்கிற கூடாரம், உள்ளே இரண்டு மெத்தை விரிப்பு. காலையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து கொக்கா இலைத் தேநீர் இரண்டு கோப்பை நீட்டினார். காலியாகக் கிடந்த விரிப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆள் வரவில்லை என்று கையால் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இரண்டையும் வாங்கினேன்.

மறுநாள் காலை விஷயம் விளங்கி ஒரே ஒரு கோப்பைதான் கொண்டுவந்தார். நான் இரண்டு விரலைக் காட்டினேன். அவர் போய் இன்னொன்று கொண்டுவந்தார். அதை மற்ற விரிப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதைக் குடித்து முடித்தபோது அது ஆறிப் போயிருந்தது. கொட்ட மனமில்லாமல் அதையும் குடித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இரண்டாம் நாள்தான் பெரிய ஏற்றம். நாலாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு கணவாய். இறந்த பெண்ணின் கணவாய் என்று பெயர். நல்ல பெயர் வைத்தார்கள் போங்கள்! படிக்குப் படி மூச்சு வாங்கியது. முன்னால் போன சோடிகள் ஒருவரை ஒருவர் இழுத்தும் தள்ளியும் ஏறினார்கள். நான் மகனைத் திட்டிக்கொண்டே ஏறினேன். தறுதலை, நன்றி கெட்டவன், தாயைப் போலவே பிடிவாதம். பக்கத்தில் தமிழ் விளங்க ஒரு குருவியும் இல்லாததால் வாய்விட்டே திட்டினேன். பாதி மலையில் திட்டு எல்லாம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மேசையில் சிரித்த சிரிப்புத்தான் காதில் கேட்டது. எல்லாருடைய சிரிப்பும் இல்லை, என்னுடைய சிரிப்பு.

கடைசி ஆளாக மேலே போய்ச் சேர்ந்தேன். முன்னால் வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் ஒரு கல்லின் பின்னால் போய் இருந்து அழுதேன். கண்ணில் தூசி விழுந்த அழுகை இல்லை, மூக்கு ஒழுக அழுதேன். என்னுடைய பிள்ளையை நான் சபையில் வைத்து மாட்டை விடக் கேவலம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் என்ன களவா எடுத்தான்? ஒரு தொழில் பழகினான்.

அழுது முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்திரேலியாக்காரப் பெண் ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். அவர் கிட்ட வந்து எடுத்தார். கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கச் சொன்னேன், வீட்டு ஆள் எடுத்தது போல இருக்க வேண்டும் அல்லவா. "இவ்வளவு கவனமாக யாருக்கு?" என்று கேட்டார். "மகனுக்கு" என்றேன். மூன்றாம் நாள் இன்னும் கெட்டித்தனம் வந்துவிட்டது. என்னுடைய இரண்டாவது தொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டுப் படத்துக்கு நின்றேன். பார்ப்பவர்கள் அவனுடையது என்று நினைக்கட்டும் என்று.

மலை அழகில்லை என்று சொல்லமாட்டேன். முகில் காலுக்குக் கீழே போனது. வழியெல்லாம் இடிந்த கல் வீடுகள், சுவரில் ஒரு மயிர் நுழைய இடமில்லாமல் பொருத்திய கற்கள். வழிகாட்டி நின்று நின்று விளக்கினார். நான் பாதி கேட்டேன். மூன்று நாளாக ஒரு தமிழ்ச் சொல் கேட்காமல் இருந்ததில் காது அடைத்தது போல இருந்தது. கூடாரத்துக்குள் இருந்து சும்மா "என்ன?" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது.

நாலாம் நாள் விடியலில் சூரிய வாசல் என்கிற இடத்துக்கு ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் கீழே நகரம் தெரிய வேண்டும். பனிமூட்டம். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, கல் மதில்களும் புல்வெளிப் படிகளும் தெரிந்தன. மூன்று சோடியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு கையையும் ஜாக்கெட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தேன். "அங்க பார்" என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் எதைப் பார்த்து என்ன?

மலையடி ஊரில் போன் வேலை செய்தது. மகனுக்கு எழுதினேன்: "வந்து சேந்திட்டன். நீ வந்திருக்கலாம்." இரண்டாவது வசனம் ஏசுவது போல இருந்தது, அழித்தேன். "நான் சொன்னது பிழை" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அறுபது வயதில் அந்த மூன்று சொல்லை அனுப்பக் கை வரவில்லை. கடைசியில் "வந்து சேந்திட்டன்" மட்டும் போனது. அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

குழுவில் பதினாலு படம் போட்டேன். அக்கா எழுதினா: "பதினாலிலையும் நீ மட்டும்தான் நிக்கிறாய். பிள்ளை எங்க?" போனை நிறுத்திவிட்டேன். ரொறன்ரோவுக்கு வந்து வேலைக்குப் போகும்வரை அவவுக்குப் பதில் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா வரச்சொல்லிக் கூப்பிட்டா. மார்க்கம் வரை காரில் பொய்களை அடுக்கிக்கொண்டு போனேன். அவனுக்கு வயிறு சரியில்லை, அவனுடைய போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, இப்படி. அக்கா புட்டும் மீன்குழம்பும் போட்டுத் தந்துவிட்டு முன்னால் வந்து இருந்தா.

"உன்ர பதிலைக் காணேல்லை எண்டு நான் பயந்து போனன். பிறகு அவனுக்குப் போன் எடுத்தனான்" என்றா.

கை புட்டுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"நாங்கள் கீழ வந்து நிக்கிறம் எண்டு சொன்னவன். நடை எப்பிடி எண்டு கேட்டன். அவனுக்குத்தானாம் ஏலாமல் போனது. மூச்சு முட்டி, நடுவழியில இருந்திட்டானாம். அப்பா எனக்காக ஒவ்வொரு வளைவிலையும் நிண்டு நிண்டு வந்தவர் மாமி எண்டான். ஒரு சொல்லு ஏசேல்லையாம். எனக்கெண்டா நம்பவே ஏலாமல் கிடந்தது. நீயோடா ஏசாமல் நிண்டனி?"

அவனுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் முதல் கேள்வியிலேயே நான் சொல்லியிருக்கும் பொய்யைப் பிடித்திருப்பான். "நான் போகேல்லை மாமி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் மானம் மண்டபம் முழுக்கப் பறந்திருக்கும். சபையில் வைத்து நான் செய்ததைத் திருப்பிச் செய்ய அவனுக்கு அருமையான சந்தர்ப்பம். அவன் அதைச் செய்யாமல், தன்னை ஏலாதவனாக்கி, என்னை ஒரு நல்ல தகப்பனாக்கிச் சொல்லியிருக்கிறான். அப்படி ஒரு தகப்பனை அவன் எங்கே கண்டான்?

"ஓம்" என்றேன் அக்காவிடம். மிச்சப் புட்டைச் சாப்பிட்டுவிட்டு எழும்பினேன்.

காரில் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல், அவனுக்குப் போன் எடுத்தேன். ஐந்தாவது தரம் மணி அடித்தபோது எடுத்தான்.

"தம்பி, மாமி சொன்னவ" என்றேன்.

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ துளை போடுகிற மெஷின் சத்தம் கேட்டது.

"நான் அப்பிடி நிண்டவன் இல்லைத் தம்பி. ஒரு நாளும் நிக்கேல்லை. அண்டைக்கு மண்டபத்தில சொன்னது பெரிய பிழை."

மெஷின் சத்தம் நின்றது. "ஐ நோ, அப்பா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இப்ப வேலையில நிக்கிறன். லேடர்ல. பிறகு எடுக்கிறனே?" என்றான்.

"பாத்து ஏறு" என்றேன். "அவசரமில்லை. ஆறுதலா எடு. நான் நிக்கிறன்."

போனை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலிலேயே இருந்தேன்.