காட்டச் சொன்ன கை

அன்பர்களே, 1994ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், என் வீட்டுச் சோற்றில் எனக்கு யாரோ மருந்து வைக்கிறார்கள் என்று நான் நம்பினேன். வயிற்றில் ஓயாத எரிச்சல். மலம் தார் போலக் கறுத்துவிட்டது. நாலு படி ஏறினால் கண் இருண்டது. வீட்டில் சமைப்பவள் ஒருத்திதான், என் மருமகள் கோமதி. என் மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மகனுக்கு நூற்பாலையில் ஷிப்டு வேலை. ஆகவே சந்தேகப்பட வேறு ஆள் இல்லை என்று முடிவு கட்டினேன். ராஜபாளையத்தில் முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவன் கட்டிய முடிவு அது.

முன்கதையைச் சொன்னால்தான் விளங்கும். ஓய்வு பெற்ற வருஷம் என் உடம்பை எந்த எடை மெஷினும் தாங்கவில்லை. மகனின் ஆலையில் பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். நூற்று முப்பத்தெட்டு கிலோ. நிறுத்தவன் என் பழைய மாணவன். "சாக்கு எடையைக் கழிச்சிருவோமா சார்?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். ஆனால் சர்க்கரையும் மூச்சிரைப்பும் என்னைச் சிரிக்க விடவில்லை. அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் என் தம்பி 1990 கடைசியில் என்னை அங்கே வரவழைத்து ஆபரேஷன் செய்ய வைத்தான். இரைப்பையில் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதோடு குடலைத் தூக்கி இணைத்துத் தைத்துவிட்டார்கள். நம் பக்கம் அப்போது யாரும் கேள்விப்படாத ஆபரேஷன். ஒன்றரை வருஷத்தில் ஐம்பது கிலோ குறைந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு தம்பி ஒரு கடிதம் எழுதினான். "அண்ணே, வலி மாத்திரைகளை ஆயுளுக்கும் தொடாதீர்கள். தைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியும். வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். வேறு எதுவானாலும், நாட்டு மருந்தே ஆனாலும், ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்." கோமதி அந்தக் கடிதத்தைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள்.

உடம்பு இளைத்ததும் எனக்கு வாலிபம் திரும்பிவிட்டதாக நினைப்பு. 1993 ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கினேன். விழுந்தேன். வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் வலி போகவில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். பாரசிட்டமால் பாதி வலியைத்தான் குறைத்தது.

என்னோடு வேலை பார்த்த டிராயிங் வாத்தியார் சங்கரலிங்கம், வத்திராயிருப்புப் பக்கம் ஒரு வைத்தியரிடமிருந்து பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தார். பச்சை நிறப் பொடி.

"இங்கிலீஷ் மருந்துதானவே ஒமக்கு ஆகாது? இது பச்சிலை. ஆடு மாடு திங்கிறது."

"ஆடு மாட்டுக்கு ஆபரேஷன் பண்ணலியே."

"அப்ப நொண்டிக்கிட்டே கிடயும்."

வாங்கி விழுங்கினேன். அரை மணி நேரத்தில் வலி போய்விட்டது. எந்த இலை அரை மணி நேரத்தில் வலியை நிறுத்தும்? நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே படவில்லை. 'நாட்டு மருந்தே ஆனாலும்' என்ற சொற்களை மனசுக்குள் தாண்டிவிட்டேன். கோமதி கண்டால் கடிதத்தைக் காட்டுவாள் என்று பொட்டலங்களைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். தினம் இரண்டு, சில நாள் மூன்று. இப்படிப் பத்து மாதம்.

வயிறு எரியத் தொடங்கியபோது கோமதி கேட்டாள். "மாமா, வேற எதும் மருந்து சாப்பிடுதீகளா?"

கேட்க வேண்டிய கேள்வியை அவள் ஒருத்திதான் கேட்டாள். எனக்கோ அது திருட்டுக் கேள்வியாகப் பட்டது. தன் மேல் பழி வராமலிருக்க முன்கூட்டியே வழி தேடுகிறாள் என்று நினைத்தேன். "ஒண்ணும் இல்ல" என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்து அவள் கைகளைக் கவனித்தேன். உப்பு எடுக்கும் கை, ரசத்தில் பெருங்காயம் போடும் கை. அவள் முந்தானையை உதறினால்கூட எதையோ மறைக்கிறாள் என்று தோன்றியது. பிறகு ஒரு காரியம் செய்தேன். எழுதவே கை கூசுகிறது. ஒவ்வொரு வேளையும் என் தட்டிலிருந்து அவள் முதலில் ஒரு வாய் சாப்பிட்ட பிறகே நான் சாப்பிடுவேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பதினெட்டு நாள் சாப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மாற்று மருந்து வைத்திருப்பாள் என்று.

சோற்றில் வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுப்பவர்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சங்கரலிங்கத்தோடு அப்படி ஒரு அம்மாளிடம் போனேன். தொப்புளில் குழல் வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் தட்டில் துப்பினாள். உறிஞ்சுவதற்கு முன்பே அவள் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்ததை நான் கண்டேன். கண்டும் நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த உருண்டைதான்.

அதைக் காகிதத்தில் மடித்து வந்து கோமதி முன்னால் வைத்தேன். மகனும் இருந்தான். "நீ வச்சதுதானே?" என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. "மருந்து வைக்கிறவளா இருந்தா, உப்பு பத்தல, புளி கூடிட்டுன்னு நாலு வருஷமா ஒங்ககிட்ட ஏச்சு வாங்கிட்டு இருப்பனா மாமா? முத வருஷமே முடிச்சிருக்க மாட்டனா?" என்றாள். உள்ளே போய் அலமாரிக் கதவிலிருந்து கடிதத்தைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு, சுந்தரபாண்டியத்துக்குத் தாய் வீடு போய்விட்டாள். மகன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். "அவ திரும்பி வரலேன்னா நானும் இங்க இருக்க மாட்டேன்பா" என்பதுதான் கடைசியாகச் சொன்னது.

என் கையால் கஞ்சி வைத்துக் குடித்தேன். கறுப்பு நிற்கவில்லை. இன்னும் மிச்ச மருந்து உள்ளே இருக்கிறது என்றேன், கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டில்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலுக்குப் போனேன். ஒரு மன்னனின் வயிற்று வலியைத் தீர்த்தவர் என்று நாம் வணங்கும் வைத்தியநாத சுவாமி முன்னால் நின்றேன். நோயைத் தீர் என்று நான் கேட்கவில்லை. "எனக்கு நஞ்சு வைக்கிற கையை எனக்குக் காட்டு. என் கண்ணால் நான் பார்க்க வேண்டும்" என்று கேட்டேன். கோமதியின் கையைத்தான் மனசில் வைத்துக் கேட்டேன். பிறகு பிரகாரத்தில் உட்கார்ந்தேன். கால் வலித்தது. பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். எழுந்தபோது குமட்டியது. ரத்தமாக வாந்தி எடுத்து அங்கேயே விழுந்தேன்.

விழித்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். பக்கத்தில் மகன். காலடியில் கோமதி. கையில் தம்பியின் கடிதம். கோயிலில் இருந்தவர்கள் ஆலைக்குச் சொல்லியனுப்ப, மகன் சுந்தரபாண்டியம் போய் அவளையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறான். நான் மயங்கிக் கிடக்கும்போதே அவள் அதை டாக்டரிடம் நீட்டி, "இவங்களுக்கு வயித்தைச் சின்னதாக்கிக் குடலைச் சேத்துத் தச்சிருக்கு. வலி மாத்திரை ஆகாதாம்" என்று சொல்லியிருக்கிறாள். அது தெரிந்ததால்தான் எங்கே கசிகிறது என்று தடுமாறாமல் வைத்தியம் பார்க்க முடிந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

டாக்டர் என் சட்டைப் பையில் கிடைத்த பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். "இது யார் குடுத்தது உங்களுக்கு?"

சங்கரலிங்கம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் வாங்கித் தந்தார், உண்மை. வாயில் போட்டது யார்?

"நான்தான் ஐயா. என் கையாலேயே" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் கேட்டிருந்த வரம் நினைவுக்கு வந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த என் வலது கையைப் பார்த்தேன். விரல் நுனியில் அந்தப் பச்சைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது.

இலைப் பொடியில் வலி மாத்திரையை அரைத்துக் கலப்பவர்கள் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. தேறியபின் மகனிடம் ஒரு கண்ணாடித் தம்ளர் கேட்டு, தண்ணீரில் பொடியைக் கலக்கி வைத்தேன். பச்சை மேலே மிதந்தது. வெள்ளை அடியில் தங்கியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் செய்துகாட்டிய சோதனைதான். பத்து மாதத்தில் ஒரு நாள் செய்திருந்தால் போதும்.

கோமதியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "வாரேன் மாமா. ஆனா இனி ஒங்க தட்டுல நான் வாய் வைக்க மாட்டேன். வச்சதைச் சாப்பிடணும்" என்றாள். அவள் எனக்கு விதித்தது அவ்வளவுதான். நான் அவளுக்கு விதித்ததை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது 1998. எனக்கு வயது அறுபத்தாறு. முழங்கால் வலி முழுதும் போகவில்லை. போய்விட்டது என்று பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். டாக்டர் சொல்லித்தந்தபடி காலில் மணல் பை கட்டித் தொடைக்குப் பயிற்சி செய்கிறேன். வெந்நீர் ஒத்தடம். வெட்கப்படாமல் கைத்தடி. தாங்காத நாளில் பாரசிட்டமால், அவர் எழுதிய அளவுக்கு மேல் இல்லை. பல் பிடுங்கப் போனாலும் முதலில் என் ஆபரேஷனைச் சொல்கிறேன். கடிதம் மறுபடி அலமாரிக் கதவில் இருக்கிறது. வலி இருக்கிறது. பயம் இல்லை. சோற்றைப் பார்த்துச் சந்தேகப்படாமல் சாப்பிடுகிறேன். அந்த நிம்மதியை எனக்குக் கொடுத்தவர் வைத்தியநாதர்.

அன்பர்களே, நீங்களும் அவரிடம் வாருங்கள். துணிந்து கேளுங்கள். நான் பகையாகக் கேட்டதற்கே பதில் தந்தவர் உங்களைக் கைவிட மாட்டார். ஆனால் அவர் முன்னால் நீட்டும் கையில் நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதை, வீட்டில் உங்களுக்குச் சோறு போடுகிறவர்களிடம் முதலில் விரித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.