பூவெடுக்கும் வரை

கோடை மழை நனைத்த மறுநாள் காலையில் இளஞ்சோளப் பயிரிலிருந்து ஓர் இனிப்பு வாசம் எழும். பசித்த மாட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற மனிதருக்கும் அது வாயில் எச்சில் ஊறவைக்கும். நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போவேன்.

எங்கள் ஊர் கோபிநத்தத்தில் மாட்டுக்கென்று தீவனம் விதைக்கிற வழக்கமே இருந்ததில்லை. பக்கத்திலேயே காடு இருக்கும்போது அது எதற்கு? காலையில் அவிழ்த்துவிட்டால் மாடுகள் காட்டுக்குள் போய், வேண்டியதைத் தின்று, வேண்டாததை முகர்ந்து ஒதுக்கிவிட்டுப் பொழுது சாயத் திரும்பிவிடும். நான் சிறுமியாக இருந்த ஒரு கோடையில், மழை பொய்த்துக் காட்டில் தீயும் பிடித்துக்கொள்ள, வனத்துறைக்காரர்கள் வழியை அடைத்துவிட்டார்கள். மாடு கட்டும் எங்கள் கட்டுத்தறியில் கறவைப் பசு செவலையும் அதன் கிடாரிக் கன்று மயிலையும் எலும்பும் தோலுமாக நின்றன. செவலையின் பால்தான் எங்களுக்கு அரிசி, உப்பு, என் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம்.

அப்பா கொள்ளேகால் பக்கத்து உறவினர் ஒருவரிடம் விதை வாங்கிவந்து, கிணற்றடித் துண்டு நிலத்தில் சோளத்தை நெருக்கி விதைத்தார். விதையோடு ஓர் எச்சரிக்கையும் வந்தது: பூவெடுக்கும் முன் மாட்டை வாய் வைக்க விடக்கூடாது, அதிலும் வாடிக் கிடந்து மழைக்குத் துளிர்த்த பயிர் நஞ்சு.

அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். காட்டில் மாடு மேய்த்தே வளர்ந்தவள் அவள்.

"மாட்டுக்குத் தெரியாத செடியா? ஆகாதுன்னா மோந்து பாத்துட்டு அதே ஒதுங்கிக்குமுங்க" என்றாள்.

அது மூட நம்பிக்கை என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. காட்டில் அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது கிணறு வற்றிவிட்டது. வாடிச் சுருண்ட சோளத்தைச் சுற்றி அப்பா முள்வேலி போட்டார். கண்ணெதிரே தீனி நிற்க, செவலை கயிற்றை இழுத்து இழுத்துக் கதறியது. அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"பட்டினி கிடக்கற மாட்டுக்கு முன்னால பயிர வெச்சு வேலி கட்டறீங்களே, உங்களுக்கு மனசே இல்லீங்களா?" என்று அம்மா சண்டை போட்டாள்.

"பொறு புள்ள, பூவெடுக்கட்டும்" என்று அப்பா இன்னொரு முள்ளை எடுத்து வேலியில் செருகினார்.

ஒரு வழியாக மழை பெய்தது. மறுநாள் சோளம் பளபளவென்று தலை நிமிர்ந்து, தூரெல்லாம் புதுத்துளிர் விட்டிருந்தது. அப்பா வைக்கோல் தேடி அடுத்த ஊருக்குப் போயிருந்தார். முதல் கோடை மழைக்கு மாடுகளைக் கட்டிவைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அம்மாவும் முகமெல்லாம் சிரிப்பாக முதலில் செவலையை அவிழ்த்துவிட்டாள். அது நேரே போய், மழையில் சரிந்திருந்த வேலிக்குள் தலையை நுழைத்தது.

"அம்மா, செவல சோளத்துல பூந்துருச்சு!" என்று கத்தினேன்.

அம்மா ஓடிவந்தாள். மாடு முகர்ந்து பார்ப்பதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். "திங்கட்டும் கண்ணு. மோந்து பாத்துத்தான திங்குது" என்றாள்.

சற்று நேரத்தில் செவலைக்கு மூச்சு வாங்கியது. கால்கள் பின்ன, வாயில் நுரை தள்ள, வரப்பிலேயே விழுந்தது. அக்கம்பக்கத்தார் நஞ்சை முறிக்க வெல்லம் கரைத்துக் கொண்டுவருவதற்குள் கண் நிலைகுத்திவிட்டது. வைக்கோல் கட்டோடு வந்த அப்பா வேலியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு குழி வெட்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று மட்டுமல்ல, அதன்பின் என்றுமே அதைப் பற்றி அவர் பேசவில்லை.

அந்தச் சோளம் நன்றாகப் பூவெடுத்தது. அதைத் தின்றுதான் மயிலை பிழைத்தது.

இன்று எங்கள் வீட்டில் மாடு இல்லை, கட்டுத்தறி இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா என்னோடு மைசூர் விஜயநகரில், பாக்கெட் பாலில் காலம் தள்ளுகிறாள். போன கோடையில், தெருக்கோடியில் பசு வளர்க்கிறவர் வீட்டுக்கு ஆட்டோவில் பச்சைச் சோளத்தட்டு வந்து இறங்கியது. அம்மா விறுவிறுவென்று போய், ஒவ்வொரு கட்டாகப் பிரித்து நுனியில் பூவைத் தேடினாள். அவர் முகம் சுளித்தார். நான் அவரிடம் கன்னடத்தில் ஏதோ சமாதானம் சொல்லி, அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

"இன்னும் எதுக்கும்மா அதையே நெனச்சுட்டு இருக்கறே?" என்று கேட்டேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பன் அன்னைக்கே என்னைய நாலு வார்த்த வைஞ்சிருந்தா, நானும் திருப்பி வைஞ்சிருப்பேன். அத்தோட போயிருக்கும், கண்ணு."