அக்காவின் மிளகாய்த் தைகள்

களைப்பைப் பற்றி இப்போது எனக்கு ஓரளவு தெரியும். அந்தப் பங்குனியில் தெரியாது. கிணற்றில் தண்ணீர் மோட்டார் குழாய்க்குக் கீழே இறங்கிவிட, பாறசாலைப் பக்கத்தில் பல வீடுகளைப்போல எங்கள் வீட்டிலும் வாளியும் கயிறும் திரும்பி வந்தன. அப்பாவின் ரப்பர் மரங்களில் பால் வற்றிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் என் அக்கா சில செடிகளை வேண்டுமென்றே தாகத்தில் நிறுத்திவைத்தாள்.

அவள் தினமும் தனுவச்சபுரத்துக்கு பஸ் ஏறிப்போய், தாவரவியலில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கான புராஜெக்ட் இது. மண்ணில் ஒருவகைப் பூஞ்சை உண்டாம். அது செடியின் வேரோடு ஒட்டிக்கொண்டு, வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் நூல்நூலாகப் போய்த் தண்ணீரை இழுத்துக் கொடுக்குமாம். பதிலுக்குச் செடி, தன் இலையில் உண்டாக்கிய சர்க்கரையில் கொஞ்சம் அதற்குக் கொடுக்குமாம். ஆறாம் வகுப்புப் பிள்ளையான எனக்கு அது நியாயமான ஏற்பாடாகத் தோன்றியது. அப்பாவுக்குத் தோன்றவில்லை. மழைக்காலம்தோறும் ரப்பர் இலையை உதிர்க்கிற பூஞ்சைக்குத் துரிசு என்கிற மயில்துத்தம் கலக்கி அடித்தே விரல் நீலம் பாரித்த மனிதர் அவர். பூஞ்சையையே பொட்டலத்தில் வாங்கிவந்து வளர்க்கிறாள் மகள். ஆனாலும் வாக்குக் கொடுத்திருந்தார். இது நன்றாக வந்தால் அக்கா மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் ஆரியங்கோட்டிலிருந்து வந்திருந்த சம்பந்தத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.

வீட்டின் பின்பக்கம் பைகளில் மிளகாய் நாற்றுகள், எங்கள் பேச்சில் தைகள், நின்றன. பாதிப் பைகளில் பூஞ்சை கலந்த மண், மீதியில் வெறும் மண். எது எதென்று பையின் அடியில் மட்டும் குறி போட்டு, எல்லாவற்றையும் கலந்து வைத்திருந்தாள். பிறகு தண்ணீரை நிறுத்தினாள். வெறும் மண்ணில் நிற்பவை முதலில் வாடும், மற்றவை தாக்குப்பிடிக்கும் என்பது அவளுடைய எதிர்பார்ப்பு. காலையிலும் சாயங்காலமும் அவளும் நானும் குனிந்து இலை இலையாகப் பார்ப்போம். எனக்கு முதுகு வலிக்கும்.

எதுவும் வாடவில்லை. எல்லாத் தைகளும் ஒன்றுபோல நிமிர்ந்து நின்றன. அக்கா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், வித்தியாசம் இல்லையென்றால் இல்லை என்றே எழுது என்று கல்லூரியில் டீச்சர் சொல்லிவிட்டார். அன்று பஸ் இறங்கி வந்தவள் முகம்கூடக் கழுவாமல் பைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை, அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அம்மா அவள் பக்கத்தில் வந்து நின்று, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். மத்தியானம் நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாத நேரத்தில், அரிசி கழுவிய தண்ணீரை அந்தத் தைகளுக்கு ஊற்றி வந்திருக்கிறாள். எல்லாவற்றுக்குமா என்று அக்கா கேட்டாள்.

“எல்லாத்துக்கும் இல்ல மக்கா. உச்சைக்குத் தலை தொங்கி நிக்கியதுக்கு மட்டும். கண்ணு முன்னால வாடியத எப்பிடிப் பாத்துட்டு இருக்கியது? வீணாப் போற தண்ணியாக்கும்.”

அக்கா எழுந்து நின்றாள். பிறகு எந்தெந்தத் தை என்று காட்டச் சொன்னாள். அம்மா ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, நான் பையைத் தூக்கி அடியைப் பார்த்தேன். வெறும் மண். அடுத்ததும் வெறும் மண். பூஞ்சை கலந்த ஒரு பையைக்கூட அம்மா தொடவில்லை. அவை மத்தியான வெயிலிலும் வாடாமல் நின்றதால் அவள் கண்ணில் படவே இல்லை. அக்காவின் புராஜெக்ட் முதல் நாளிலிருந்தே ஜெயித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அம்மாதான் தினமும் அதை அழித்து வந்திருக்கிறாள்.

அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடித்தாள். “எனக்க அம்மா, இத நான் எங்க கொண்டு எழுதுவேன்?”

டீச்சரும் கேட்டுச் சிரித்தாராம். அம்மாவின் கண்ணை ஆதாரமாகக் காட்ட முடியாது, திரும்பச் செய் என்று அவகாசம் தந்தார். அம்மா பின்பக்கம் போகக்கூடாது என்று நாங்கள் தடை போட்டோம். ஆனால் அந்த வாரமே கோடைமழை பிடித்துக்கொண்டது. பைகளை இறவாரத்துக்கு இழுப்பதற்குள் எல்லாம் ஊறிப்போயின. கிணற்றில் ஒரு சாண் ஏறாத மழை, அக்காவின் படிப்பை முடித்துவைக்கப் போதுமானதாக இருந்தது. மண் மறுபடி காய்வதற்குள் அவகாசம் தீர்ந்துவிட, வித்தியாசம் இல்லை என்றே எழுதிக் கொடுத்தாள். அப்பா அவளைக் குத்திக்காட்டவில்லை, ஆரியங்கோட்டுக்கு போன் செய்தார். அவளும் மறுக்கவில்லை. எனக்குத்தான் அம்மாமேல் ஆத்திரமாக வந்தது, சில நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே ஒருநாள் காலையில் அம்மா கிணற்றடியில் விழுந்தாள். நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றினார்கள். இரத்தம் இவ்வளவு குறைய மாதக்கணக்கில் ஆகியிருக்கும், ஆள் தளர்ந்து வருவதை வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் பார்த்திருந்தேன். ஒரு வாளி கோரி மேலே இழுத்ததும் அம்மா கிணற்று மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்சநேரம் நிற்பாள். பிறகுதான் அடுத்த வாளி. தண்ணீர் கோருவதென்றால் அப்படித்தான் கோருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.